வானில் ஒரு விளையாட்டு – 9: கோணலாக நிற்கும் மோட்டார்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இயங்கும் ஃப்ளைட் டெஸ்ட் குழுவினர் தங்கள் ரிமோட் விமானங்களைச் செய்வது, பள்ளிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்கும் ஃபோம் அட்டையில்தான். இருபுறமும் காகிதம் ஒட்டிய, சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள அட்டை. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். அதன் மூக்கில் மோட்டாரை உட்கார வைக்க வேண்டும்!

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாங்கும் 2212 ரக பிரஷ்லெஸ் மோட்டார் 50 கிராம் அளவில்தான் இருக்கும். ஆளைப் பார்த்து எடைபோடக் கூடாது. அதன் கேவி எண் 1000 என்றால், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று. 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியில், சுமையில்லாமல் ஓடவிட்டால் 11,000 சுற்றைத் தாண்டும். 10 அங்குல புரொப்பெல்லர் மாட்டினால் சுற்று குறையும். இழுவை முக்கால் கிலோவைத் தொடும்.

இவ்வளவு இழுவையை ஃபோமில் நேராக முடுக்கிய திருகு தாங்காது. அதிர்வில் துளை பெரிதாகி, மோட்டார் ஆடத் தொடங்கிவிடும். அதனால் நடுவில் 3 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்று வருகிறது. மோட்டாரின் திருகுகள் ப்ளைவுட்டைப் பிடிக்கின்றன. ப்ளைவுட் தன் முழுப் பரப்பாலும் ஃபோமைப் பிடிக்கிறது. ஃப்ளைட் டெஸ்ட்டின் ஜாஷ் பிக்ஸ்லர் இதில் இன்னொரு வசதியும் செய்தார். மோட்டாரும் ப்ளைவுட்டும் சேர்ந்த ஃபோம் பெட்டியை மூங்கில் குச்சிகளைச் செருகி விமானத்தில் நிறுத்தினார். குச்சியை உருவினால், அதே மோட்டார் அடுத்த விமானத்துக்குப் போய்விடும். கைச்செலவு பார்க்கும் ஆளின் யோசனை!

பசையில் கவனம் தேவை. தெர்மாகோலில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடமே கரைந்து குழியாகிவிடும். க்ளூ கன் பசை அட்டைக்குப் போதும். ஆனால் மோட்டார் சூடேறினால் அதுவும் இளகும். ப்ளைவுட்டை ஒட்ட எப்பாக்ஸிதான் நம்பகம்.

இனிதான் விஷயமே. முன்மூக்கில் மோட்டார் உள்ள விமானத்தை மேலிருந்து பார்த்தால், மோட்டார் லேசாக வலப்பக்கம் திரும்பியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் சற்றே கீழே குனிந்திருக்கும். செய்தவர் கை தவறவில்லை. பின்னாலிருந்து பார்க்க, புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும்போது அதன் எதிர்விசையும், உடலைச் சுற்றிச் சுழன்று வாலில் மோதும் காற்றும் விமானத்தை இடப்பக்கம் தள்ளுகின்றன. வேகம் கூட்டினால் இறக்கையின் தூக்குவிசை கூடி மூக்கு மேலே எழுகிறது. இரண்டுக்கும் மருந்து, இரண்டு மூன்று டிகிரி கோணல்.

அதற்குத் தனிக் கருவி வேண்டாம். திருகுகளுக்கிடையே 25 மி.மீ. இருந்தால், மோட்டாருக்கும் ப்ளைவுட்டுக்கும் இடையே வைக்கும் 1 மி.மீ. வாஷர் ஒன்று ஏறத்தாழ இரண்டேகால் டிகிரி தரும். பின்னாலிருந்து பார்க்க, மேலிரண்டு திருகுகளுக்கு ஒவ்வொன்று, இடப்பக்கத்து இரண்டுக்கும் ஒவ்வொன்று. ஆக, இடது மேல் மூலைக்கு இரண்டு; வலது கீழ் மூலைக்கு ஒன்றுமில்லை.

புரொப்பெல்லரை மாட்டாமலே சுழலும் திசையைச் சோதிப்பது நல்லது. எதிர்த்திசையில் சுற்றினால், மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிச் செருகினால் போதும். பிறகு, எண் பொறித்த பக்கம் விமானம் போகும் திசையை நோக்கி இருக்கும்படி புரொப்பெல்லரை மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று வரும், மோட்டார் உறுமும். இழுவை மட்டும் கணிசமாகக் குறையும்.