புதன்கிழமை இரவு 8 மணி!

வாரம் 25 ரூபாய்க்கு வட நாட்டையே மயக்கிய குரல்

புதன்கிழமை இரவு 8 மணி. வட நாட்டு நகரங்களில் வெற்றிலை பாக்குக் கடை வாசல்களில் கூட்டம் சேரும். கடைக்காரரிடம் ரேடியோ இருக்கிறது அல்லவா? அதற்காகத்தான்! வீட்டில் ரேடியோ உள்ளவர்கள் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொள்வார்கள். ரேடியோ இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்கள்.

கொழும்பிலிருந்து சிற்றலையில் ஒரு குரல் வரும். "சகோதரிகளே, சகோதரர்களே!" என்று இந்தியில் அழைக்கும்.

மேடைப் பேச்சாளர்கள் சகோதரர்களை முதலில் சொல்வதுதான் வழக்கம். இவர் சகோதரிகளை முதலில் அழைத்தார். பெண்கள் பூரித்துப் போனதில் வியப்பு என்ன?

அந்தக் குரலுக்கு உரியவர் அமீன் சயானி. நிகழ்ச்சியின் பெயர் "பினாக்கா கீத்மாலா". கீத்மாலா என்றால் பாட்டு மாலை. பினாக்கா என்பது ஒரு பற்பசை. அந்தப் பற்பசைக் கம்பெனிதான் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது.

டில்லியில் தடை, கொழும்பில் விருந்து

1952-ல் பி. வி. கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரி ஆனார். அவர் சாஸ்திரீய சங்கீதத்தில் பற்று மிகுந்தவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். சினிமாப் பாட்டுக்கான நேரம் குறைந்துகொண்டே போனது. படத் தயாரிப்பாளர்களுடன் தகராறும் சேர்ந்துகொண்டது. கடைசியில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டே நின்றுவிட்டது.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்.

இலங்கையில் பலமான ஒலிபரப்பு யந்திரம் ஒன்று இருந்தது. இரண்டாவது உலகப் போரின்போது, மவுண்ட்பேட்டன் பிரபுவின் படைகளுக்காக நிறுவப்பட்டது அது. போர் முடிந்தபின் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. சிப்பாய்களுக்குச் செய்தி சொன்ன யந்திரம், சினிமாப் பாட்டைப் பரப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். மயில்வாகனத்தின் குரலுக்காகக் காத்திருந்த வீடுகள் இங்கே எத்தனை எத்தனை!

"உச்சரிப்பு சரியில்லை!"

அமீன் சயானி பம்பாயில் 1932-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி பிறந்தவர். தாய் மொழி குஜராத்தி. இந்தி அறிவிப்பாளராக அகில இந்திய வானொலிக்கு மனுப் போட்டார். "உங்கள் பேச்சில் குஜராத்தியும் ஆங்கிலமும் கலந்திருக்கின்றன" என்ற காரணம் கூறி அவரைத் தள்ளிவிட்டார்கள்.

இலங்கை வானொலிக்கான இந்தி நிகழ்ச்சிகள் பம்பாயிலேயே பதிவு செய்யப்பட்டு, கொழும்புக்கு அனுப்பப்பட்டன. பதிவு நடக்கும் இடத்தில் அமீன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் விளம்பரம் படிக்க ஆள் வரவில்லை. அவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அதற்குக் கூலி என்ன தெரியுமா? வாரம் ஒரு சிறிய டப்பா ஓவல்டின்!

பிறகு கீத்மாலா வந்தது. நிகழ்ச்சியை எழுத வேண்டும், பேச வேண்டும், வருகிற கடிதங்களைப் படித்துக் கணக்கும் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து வாரம் 25 ரூபாய். அனுபவசாலிகள் யாரும் இதற்கு முன்வரவில்லை. புதிய ஆளான அமீன் ஒப்புக்கொண்டார்.

1952 டிசம்பர் 3-ந் தேதி முதல் நிகழ்ச்சி ஒலித்தது. அமீனுக்கு 20 வயது நிரம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன.

கடித மழை

அப்போது அது ஒரு போட்டி. ஏழு புதுப் பாட்டுகளை வரிசை இல்லாமல் போடுவார்கள். எது முதல், எது இரண்டாவது என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். சரியாக எழுதியவருக்குப் பரிசு 100 ரூபாய். நிகழ்ச்சி நடத்தியவரின் ஒரு மாதச் சம்பளம் அது!

நாற்பது, ஐம்பது கடிதம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் வாரமே 9,000 கடிதங்கள் வந்து குவிந்தன. ஓராண்டுக்குள் வாரம் 65,000 என்று ஏறியது. ஒற்றை ஆள் எப்படிப் படிப்பது? போட்டியைக் கைவிட்டார்கள். 1954 முதல் பாட்டுகளுக்கு இடம் கொடுத்து ஒலிபரப்பினார்கள்.

இடம் கொடுப்பது எளிதான காரியமா? இசைத்தட்டுக் கடைகளில் எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று விசாரித்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். நல்ல பாட்டின் தட்டுகள் விற்றுத் தீர்ந்துவிட்டால், அடுத்த வாரம் விற்பனை இராது. பாட்டின் மவுசோ குறையவில்லை. கணக்கில் மட்டும் கீழே போய்விடும். ஆகவே ஊர் ஊராக இருந்த ரேடியோ நேயர் சங்கங்களின் அபிப்பிராயத்தையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் இடம், இரண்டாம் இடம் என்று அமீன் சொல்வதில்லை. "படி" என்பார். போன வாரம் ஐந்தாம் படியில் நின்ற பாட்டு, இந்த வாரம் மூன்றாம் படிக்கு ஏறிவிட்டது என்பார். தங்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் நேயர்கள் மகிழ்வார்கள். தங்களுக்குப் பிடித்த பாட்டு இறங்கிவிட்டால் அன்று இரவு வீட்டில் சண்டைதான்!

1953-ம் ஆண்டின் முதல் பாட்டு, "அனார்கலி" படத்தில் லதா மங்கேஷ்கர் பாடியது. இசை அமைத்தவர் சி. ராம்சந்திரா. பின்னாளில் நம் "வஞ்சிக்கோட்டை வாலிப"னுக்கு இசை அமைத்தவரும் அவரே.

அம்மா கொடுத்த மொழி

பண்டிதர்களுக்கும் புரிந்தது, பாமரர்களுக்கும் புரிந்தது அமீன் பேசிய இந்துஸ்தானி. அதை அவர் கற்றது தாயாரிடம்.

தாயார் குல்சும் சயானி, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்காக, "ரஹ்பர்" என்ற பத்திரிகையை 1940 முதல் 1960 வரை நடத்தினார். ரஹ்பர் என்றால் வழிகாட்டி. ஒரே எளிய பேச்சு மொழியை நாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் அச்சிட்டார். சிறுவன் அமீன் அந்த வேலையில் கூடமாட உதவினான். கடினமான சொல் வந்தால் அடித்துவிட்டு, எளிய சொல் போட வேண்டும். வீட்டில் கிடைத்த இந்தப் பயிற்சிதான் பிற்காலத்தில் மைக் முன்னால் கைகொடுத்தது. உச்சரிப்பு சரியில்லை என்று தள்ளப்பட்டவரின் பேச்சைக் கேட்டு, பல பேர் இந்தி பேசக் கற்றார்கள்!

டில்லியும் இறங்கி வந்தது

1957 அக்டோபர் 3-ந் தேதி அகில இந்திய வானொலி "விவித பாரதி"யைத் தொடங்கியது. சினிமாப் பாட்டு மறுபடியும் சொந்த வீட்டுக்கு வந்தது. ஆனாலும் புதன்கிழமைக் கூட்டம் கொழும்பை விடவில்லை.

1989-ல் கீத்மாலாவே விவித பாரதிக்கு மாறியது. எந்த நிலையம் அமீனை வேண்டாம் என்றதோ, அந்த அகில இந்திய வானொலியிலேயே அவர் குரல் வாரா வாரம் ஒலித்தது! 1994-ல் நிகழ்ச்சி நின்றது.

அமீன் சயானி 2024 பிப்ரவரி 20-ந் தேதி மும்பையில் காலமானார். அவருக்கு வயது 91.