பூச்சி தின்னும் செடியை வீட்டில் வளர்க்கலாமா? ஜவ்வாது மலைக்கு ட்ரிப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க!

இன்ஸ்டா ரீல்ஸில் அடிக்கடி வரும் காட்சி இது. அழகான கண்ணாடித் தொட்டி, உள்ளே பாசி, நடுவில் வாயைத் திறந்தபடி ஒரு வீனஸ் ஃப்ளைட்ராப். பார்த்ததும் ஆன்லைனில் ஆர்டர் போடத் தோன்றும். ஆனால் வாங்கிய பலரின் செடி சில மாதங்களில் கருகிவிடுகிறது. ஏன்?

தப்பான செடி, தப்பான ஊர்

வீனஸ் ஃப்ளைட்ராப்பின் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். அதற்கு வெயில் நன்றாக வேண்டும். கூடவே மூன்று, நான்கு மாதம் குளிர்கால ஓய்வும் வேண்டும். சென்னையிலோ வேலூரிலோ அந்தக் குளிருக்கு எங்கே போவது? மூடிய கண்ணாடிக்குள் வைத்தால் வெப்பம் தேங்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால் டெர்ரேரியத்துக்கு அது ஏற்ற செடியே இல்லை.

அப்போ எது ஏற்றது? நம்ம ஊர்ச் செடிதான்!

ஒரு ரூபாய் காசு அளவு வேட்டைக்காரன்

ட்ரோசெரா என்ற பூச்சியுண்ணும் செடி இனத்தில் மூன்று வகைகள் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டவை: ட்ரோசெரா பர்மானி, ட்ரோசெரா இண்டிகா, ட்ரோசெரா பெல்டாடா. பெல்டாடா நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளில் வளரும். மற்ற இரண்டும் வெப்பம் தாங்குபவை. ஜவ்வாது மலை அங்கம் வகிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில், மழைக்குப் பிறகு ஈரம் தங்கும் சத்தில்லாத மண்ணில் இவை முளைக்கும். சித்த மருத்துவத்தில் 'அழுகண்ணி' என்று சொல்லப்படும் மூலிகையும் இந்த ட்ரோசெராதான் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

பர்மானி தரையோடு ஒட்டி, சுமார் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு வட்டமாக விரியும். இலை முழுக்க சிறு மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி மாதிரி பசை. தேன் என்று நம்பி வந்து உட்காரும் பூச்சி ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் உள்ள நீண்ட மயிர்கள் சில நொடிகளிலேயே வளைந்து பூச்சியை உள்ளே தள்ளும். பிறகு செரிமான நொதிகள் வேலையை ஆரம்பிக்கும். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை இப்படித்தான் செடி தேடிக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் 1875-ல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றி எழுதிய நூலில் பெரும்பகுதியை ட்ரோசெராவுக்கே ஒதுக்கினார்.

எப்படி வளர்ப்பது?

தண்ணீர்: இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது ஓகே. இந்தச் செடிகளுக்கு 50-க்குள் இருக்க வேண்டும். எனவே குழாய் தண்ணீர், போர்வெல் தண்ணீர் வேண்டாம். மழைநீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மண்: செம்மண், மண்புழு உரம் எதுவும் கூடாது. பீட் மாஸ் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு போதும். உரம் போட்டால் வேர் கருகிவிடும்.

தொட்டி: கண்ணாடித் தொட்டியில் நேரடியாக மண்ணைக் கொட்டாதீர்கள். அதில் வடிகால் இல்லாததால் உப்பு தேங்கும். அடியில் ஓட்டை போட்ட சின்ன கப்களில் செடியை வைத்து, அவற்றைத் தொட்டிக்குள் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் நிறுத்துங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

வெளிச்சம்: தினமும் 12 முதல் 14 மணி நேரம் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் வேண்டும். இலை சிவந்து, பசைத்துளி பளபளத்தால் வெளிச்சம் சரி. இலை நீண்டு, வெளிறி, துளி இல்லாமல் இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். மூடிய தொட்டியை மட்டும் நேரடி வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே அவிந்துவிடும்.

சாப்பாடு: இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன எறும்போ கொசுவோ போதும். சிக்கன் துண்டு வைத்தால் இலை அழுகும்.

பர்மானிக்கு ஆயுள் குறைவு. பெரும்பாலும் ஒரு வருடம்தான். கவலை வேண்டாம், தானே பூத்து, தானே மகரந்தம் சேர்த்து, நிறைய விதை கொடுக்கும். அந்த விதைகளை மண்ணின் மேல் தூவினால் போதும், மூட வேண்டாம்.

மலையில் பார்த்தால் பிடுங்கலாமா?

கூடாது. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடிகொடிகளை எடுப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், பிடுங்கினாலும் பிழைக்காது. மெல்லிய வேர், பயணத்திலேயே அறுந்துவிடும். விதை விழுவதற்கு முன் பிடுங்கினால், அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைக்க ஆளே இருக்காது. ஒரு வருடச் செடிக்கு இது ரொம்பப் பெரிய இழப்பு.

மேகாலயாவின் குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானா அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டதற்கு ஆட்கள் காட்டிலிருந்து அள்ளியதும் ஒரு காரணம். இப்போது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. சர்வதேச வணிகத்துக்கும் தடை. அமெரிக்காவிலும் இதே கதைதான். வீனஸ் ஃப்ளைட்ராப் திருட்டை வட கரோலினா 2014-ல் கடும் குற்றமாக அறிவித்தது.

அதனால் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நர்சரியில விதையிலயோ திசு வளர்ப்புலயோ வந்ததா, இல்ல காட்டுல எடுத்ததா?" சரியாகப் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

ஜமுனாமரத்தூர் பக்கம் போகும்போது ஈரப் பாறை ஓரமாகச் சிவப்பாக ஏதாவது மின்னினால், குனிந்து பாருங்கள். மிதிக்காமல் போட்டோ எடுங்கள். போஸ்ட் போடுங்க, தப்பில்லை. லொக்கேஷன் மட்டும் டேக் பண்ணாதீங்க.