பத்திரிகைகள் வரைந்த ஜூலு மன்னர்

1882 ஆகஸ்ட். லண்டன் கென்சிங்டனில் மெல்பரி சாலை 18-ஆம் எண் வீட்டு வாசலில் கூட்டம் கூடிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் ஒரு முகம் தெரிந்துவிட்டால் போதும், தெருவே ஆரவாரம் செய்தது. அந்த முகத்துக்கு உரியவர் ஜூலு மன்னர் செட்ஷ்வாயோ. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் ஆயிரத்துக்கும் அதிகமான பிரிட்டிஷ் தரப்பினரை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்த படையின் அரசர்.

அந்தக் கூட்டத்துக்கு அவர் புதியவரல்ல. படங்களில் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஆள்தான். ஆனால் அந்தப் படங்களை வெளிவந்த தேதிப்படி அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனின் கொள்கை மாறிய போதெல்லாம் செட்ஷ்வாயோவின் முகமும் மாறியிருக்கிறது.

செட்ஷ்வாயோ 1826 வாக்கில் பிறந்தவர். புகழ்பெற்ற ஷாகா அவருக்குப் பெரியப்பா முறை. அப்பா ம்பாண்டே உயிரோடு இருந்தபோதே வாரிசுச் சண்டை மூண்டது. 1856 டிசம்பரில் துகேலா ஆற்றங்கரையில் சகோதரர் ம்புயாசியின் தரப்பை அவர் அழித்தார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். இதை மறைத்துவிட்டு அவரைச் சாதுவாகக் காட்டுவது அவரை அரக்கனாகக் காட்டியதற்குச் சமமான பொய்.

1872-இல் ம்பாண்டே இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலுக்கள் தங்கள் முறைப்படி செட்ஷ்வாயோவை அரசராக்கினார்கள். சில நாள் கழித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி, நேட்டால் காலனியின் அதிகாரி தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன் கூடாரம் அடித்து இன்னொரு முடிசூட்டு விழா நடத்தினார். சிவப்பு அங்கி, ஜிகினாக் கிரீடம், பீரங்கி மரியாதை என்று எல்லாம் இருந்தன. ஷெப்ஸ்டனோடு போயிருந்த ஓவியர் தாமஸ் பெய்ன்ஸ் மன்னரை வரைந்தார். நாடக அரசன் போலத் தோன்றும் அந்தக் கோலத்தை மன்னர் சகித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எல்லையில் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவந்த டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களுக்கு எதிராக அவருக்கு பிரிட்டிஷ் துணை தேவைப்பட்டது. ஆனால் அந்தக் கூடாரத்தில் ஷெப்ஸ்டன் வாசித்த விதிகளை, விசாரணையில்லாமல் யாரையும் கொல்லக் கூடாது என்பது போன்றவற்றை, மன்னர் கொடுத்த சத்தியமென்று பிற்பாடு எடுத்துக்காட்டிப் போருக்கு ஒரு காரணமாக்கினார்கள்.

போருக்கு உண்மையான காரணங்கள் வேறு. கிம்பர்லியில் வைரம் கிடைத்திருந்தது. சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஆள் வேண்டும். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கியதும் இந்த ஆள் பஞ்சத்தினால்தான். துகேலாவுக்கு வடக்கே ஜூலு இளைஞர்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் வயதுவாரியாக ‘அமபுத்தோ’ என்ற படைப்பிரிவுகளில் சேர்ந்து மன்னருக்கு வேலை செய்தார்கள். மன்னர் அனுமதி கொடுத்த பிறகே அவர்களுக்குத் திருமணம். அந்த அமைப்பு நிற்கும்வரை அவர்களைக் கூலிச் சந்தைக்கு இழுக்க முடியாது. தென்னாப்பிரிக்கப் பகுதிகளையெல்லாம் ஒரே கூட்டாட்சியாக இணைக்க பிரிட்டன் தீட்டிய திட்டத்துக்கும் இந்தச் சுதந்திர அரசு குறுக்கே நின்றது.

ஹை கமிஷனர் பார்ட்டில் ஃப்ரியர் மன்னரை ரத்தவெறி பிடித்தவராகச் சித்தரித்துக் கடிதம்மேல் கடிதமாக லண்டனுக்கு எழுதினார். எல்லைத் தகராறை விசாரித்த குழு 1878-இல் பெரும்பாலும் ஜூலுக்களுக்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தது. ஃப்ரியர் அதைச் சில மாதம் கையிலேயே வைத்திருந்து, டிசம்பர் 11-ஆம் தேதி ஓர் இறுதி எச்சரிக்கையோடு சேர்த்து வெளியிட்டார். அமபுத்தோவைக் கலைத்துவிட வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. எந்த அரசனும் ஏற்க முடியாத நிபந்தனை அது. ஏற்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1879 ஜனவரி 22-இல் இசாண்ட்ல்வானா மலையடியில் ஏறக்குறைய 20,000 ஜூலு வீரர்கள் பிரிட்டிஷ் முகாமைச் சூழ்ந்தார்கள். முகாமில் இருந்த சுமார் 1,700 பேரில் 1,300 பேருக்குமேல் மாண்டார்கள். செய்தி லண்டன் போய்ச்சேர இருபது நாள் ஆயிற்று. படங்கள் அதைவிடத் தாமதம்: களத்தில் கிறுக்கிய கோட்டோவியம் கப்பலேறிப் போக வேண்டும், லண்டனில் ஒருவர் அதைத் திருத்தி வரைவார், இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்குவார். இத்தனை கை மாறும்போது மன்னரின் உருவமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவரை நேரில் கண்ட ஓவியர்களோ மிகச் சிலர். மற்றவர்கள் கேள்விஞானத்தில் வரைந்தார்கள்.

மார்ச் 1-ஆம் தேதி ‘பஞ்ச்’ இதழ் வித்தியாசமாக ஒன்று செய்தது. ஜூலு வீரன் பள்ளி ஆசிரியராகப் பலகையில் எழுதுகிறான். பிரிட்டனைக் குறிக்கும் ஜான் புல் மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். எதிரியைக் குறைத்து மதிக்கக் கூடாது என்பது பாடம். அந்த வருடத்தில் வந்த கேலிச்சித்திரங்களில் எனக்கு நேர்மையாகப் படுவது இதுதான். அதே ஆண்டு ஃபாரினி என்ற வித்தைக்காரர் வெஸ்ட்மின்ஸ்டரில் ‘நட்பான ஜூலுக்கள்’ என்று சிலரை மேடையேற்றி, ஈட்டி எறியவும் ஆடவும் வைத்துக் காசு பார்த்தார். படத்தில் கண்டதை நேரில் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

நேட்டால் எல்லையைத் தாண்டாதீர்கள் என்று மன்னர் தன் படைக்கு உத்தரவிட்டிருந்தார். தம்பி டபுலமன்சி அதை மீறித்தான் ரோர்க்ஸ் டிரிஃப்ட் காவலிடத்தைத் தாக்கி, தோற்றுத் திரும்பினார். சமாதானம் கேட்டு மன்னர் அனுப்பிய தூதர்களுக்கும் பலன் கிடைக்கவில்லை. ஜூலை 4-இல் தலைநகர் ஒன்டினி எரிந்தது. ஆகஸ்ட் 28-இல் ங்கோமே காட்டில் பிடிபட்ட மன்னரைக் கப்பலில் கேப்டவுனுக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே கேமரா நுழைகிறது. கைதியான மன்னரின் புகைப்படங்கள் விற்பனைக்கு வந்தன. வாங்கிப் பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள். அரக்கன் எங்கே? நிதானமான பார்வையோடு, தலையில் ‘இசிகோகோ’ வளையம் அணிந்த நடுவயதுக்காரர் ஒருவர்தான் இருந்தார். சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. தன் குலத்தின் வரலாற்றையும் போர் வந்த கதையையும் சொல்லச் சொல்ல ஓர் அதிகாரி எழுதிக்கொண்டார்; 1880-இல் ‘மாக்மில்லன்ஸ் மேகஸின்’ அதை வெளியிட்டது. ஆளுநர்களுக்குக் கடிதங்கள் சொல்லி எழுதவைத்தார். பிஷப் கொலென்சோவின் குடும்பமும் பத்திரிகையாளர் ஃப்ளோரன்ஸ் டிக்ஸியும் அவருக்காக வாதாடினார்கள். அதற்குள் ஜூலு நாட்டைப் பதின்மூன்று குறுநிலத் தலைவர்களுக்குப் பங்குபோட்ட பிரிட்டிஷ் தளபதி வுல்ஸ்லியின் ஏற்பாடு உள்நாட்டுச் சண்டையாகச் சீரழிந்துகொண்டிருந்தது. மன்னரைத் திருப்பி அனுப்பினால் செலவு மிச்சம் என்று லண்டனில் எண்ணத் தொடங்கினார்கள். படங்களும் கனிந்தன.

லண்டன் வந்தவர் ஐரோப்பிய உடையில் ஊரைச் சுற்றினார். ஆகஸ்ட் 14-இல் ஆஸ்போர்ன் மாளிகையில் விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். ராணி ஜெர்மன் ஓவியர் கார்ல் சோனைக் கொண்டு அவரை எண்ணெய் வண்ணத்தில் வரையச் செய்தார், ஜூலு உடையில். கோட்டு போட்ட மன்னரை நேரில் கண்டவர், சுவரில் மாட்ட விரும்பியது வேறு மன்னரை. பஸானோ ஸ்டூடியோவில் புகைப்படம் எடுத்தார்கள். 26-ஆம் தேதி ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் ‘ஸ்பை’ என்ற புனைபெயர்கொண்ட ஓவியர் வரைந்த அவருடைய வண்ணக் கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. அந்த இதழில் இடம்பிடிப்பது அமைச்சர்களுக்கும் பிரபுக்களுக்கும் அன்று கிடைத்துவந்த ஒரு வகைக் கௌரவம்.

1883 ஜனவரியில் அவரை மறுபடி அரியணையில் அமர்த்தினார்கள். அமர்த்தியவர் அதே ஷெப்ஸ்டன். ஆனால் நாட்டின் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது, படை வைத்துக்கொள்ளவும் அனுமதியில்லை. எதிரியான சிபெபுவின் படை ஜூலையில் ஒன்டினியைத் தாக்கி மூத்த தலைவர்கள் பலரைக் கொன்றது. காயத்தோடு தப்பிய மன்னர் 1884 பிப்ரவரி 8-இல் எஷோவேயில் இறந்தார். இதய நோய் என்றார் மருத்துவர்; விஷம் என்று ஜூலுக்கள் பலர் நம்பினார்கள். லண்டனில் அவரைத் துரத்தித் துரத்தி வரைந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் அவர்மேல் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஓவியர்களின் ரசனை ஏற்கெனவே போரின் பக்கம் திரும்பியிருந்தது. ரோர்க்ஸ் டிரிஃப்ட்டை 1880-இல் எலிசபெத் பட்லரும் டி நூவிலும் வரைந்தார்கள். இசாண்ட்ல்வானாவை 1885-இல் சார்ல்ஸ் ஃப்ரிப் வரைந்தார். பட்லரின் ஓவியத்தில் ஒவ்வொரு பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் தனி முகம் உண்டு. ஜூலுக்கள் ஓரத்து இருட்டில் கலங்கலாகத் தெரிகிறார்கள். கொடுங்கோலனாக வரைந்த காலத்திலாவது அவர்களுடைய மன்னருக்கு ஒரு முகம் இருந்தது.

அந்தப் போரை உலகத்துக்கு மறுபடி காட்டியது 1964-இல் வந்த ‘ஜூலு’ திரைப்படம். நிறவெறி ஆட்சியின்போது தென்னாப்பிரிக்காவிலேயே எடுத்த படம். அதில் செட்ஷ்வாயோவாக நடித்தவர் மங்கோசுத்து புத்தெலேசி. பின்னாளில் இன்காத்தா கட்சியைத் தொடங்கிய அவர், தாய்வழியில் செட்ஷ்வாயோவின் கொள்ளுப்பேரன். படத்தின் தொடக்கத்தில் மன்னர் சிறிது நேரம் வருகிறார். பிறகு கேமரா காவலிடத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. துணை நடிகர்களாக ஜூலு மக்கள் திரளாக நடித்தார்கள். படம் வெளியானபோது அரசு அதைக் கறுப்பினப் பார்வையாளர்களுக்குத் தடை செய்தது. நடித்தவர்களுக்காகச் சில தனிக் காட்சிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது.