'டொக்... டொக்...' சத்தம் கேட்குதா? லோடு வண்டியின் முன்காலைக் கொஞ்சம் கவனிங்க!

விடியற்காலை ஐந்து மணிக்கு சிறுசேரி சிப்காட் பக்கம் போனால், ஐ.டி. ஊழியர்கள் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். தண்ணீர் கேன், கேன்டீனுக்குக் காய்கறி, பால் பாக்கெட், கோவளம் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீன் என்று ஏற்றிக்கொண்டு நாவலூர், படூர், கேளம்பாக்கம், தையூர் எனச் சுற்றிவரும் குட்டி லோடு வண்டிகள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அவற்றில் சில, முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் போடும். ஓட்டுநர் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை பிரச்னை முடிந்தது!

உண்மையில் அங்கேதான் ஆரம்பம். அது பல நேரங்களில் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரட் தேய்ந்துபோனதன் முதல் புகார். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டப்பட்ட ஓ.எம்.ஆரில் தினமும் ஐந்தாறு நடை அடிக்கும் வண்டிக்கு இந்தப் புகார் சீக்கிரமே வரும்.

எல்லா லோடு வண்டியிலும் ஸ்ட்ரட் இருக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 2005-ல் வந்து 'சின்ன யானை' என்று பெயரெடுத்த டாடா ஏஸில், முன்பக்கமும் இரும்புப் பட்டைகளாலான லீஃப் ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் தனியாக நிற்கும். ஆனால், 2016-ல் விற்பனைக்கு வந்த மாருதி சுஸுகி சூப்பர் கேரியில் பின்பக்கம்தான் லீஃப் ஸ்பிரிங். முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். பழைய ஆம்னி வேனிலும் இதேதான். 'ஏஸுக்கு ஸ்ட்ரட் மாத்தணும்' என்று யாராவது பில் நீட்டினால், கொஞ்சம் உஷாராகிக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மேக்பெர்சன் 1940-களில் வடிவமைத்த அமைப்பு இது. 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. காயில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாகச் சேர்த்துவிட்டார். இடம் மிச்சம், செலவும் மிச்சம். ஆனால், இந்தத் தூண் வண்டியின் எடையையும் தாங்குகிறது, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தானும் சேர்ந்து திரும்புகிறது. இத்தனை வேலையையும் ஒருவர் தலையில் கட்டினால், அவர் களைத்துப்போகும்போது எல்லாமே கெடும்தானே?

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் துள்ளப் பார்க்கும். பிஸ்டனில் இருக்கும் சின்னச் சின்னத் துவாரங்கள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போவதால் அந்தத் துள்ளல் அடங்கி வெப்பமாக மாறுகிறது. மேலே உள்ள சீல் கிழிந்தால் எண்ணெய் கசியும். உள்ளே வால்வு தேய்ந்தால் கசிவே தெரியாது. ஆனால் அடக்க வேண்டியவர் அடக்க மாட்டார். சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும்.

'கொஞ்சம் குலுங்குது, அவ்வளவுதானே' என்று தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். தரையைத் தொடாத டயருக்கு பிரேக் பிடித்துப் பலனில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஐப்பசி மழையில், குறுக்கே ஒரு மாடு வரும்போது வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். மூக்கு தரையை நோக்கிக் குனிய, பின்பக்கம் தூக்க, ஏற்றியிருக்கும் கேன் எல்லாம் கேபினை நோக்கி நகரும்.

சூப்பர் கேரியின் ஆரம்பகால டீசல் மாடல் ஏற்றக்கூடிய எடை 740 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 35-ஐ ஏற்றியதுமே எல்லை தொட்டாயிற்று. அதற்கு மேல் எத்தனை ஏறுகிறது என்பது ஓட்டுநர்களின் மனசாட்சிக்குத் தெரியும். அதிக பாரத்தில் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் மேலே எழும்பும், ஸ்டீயரிங் லேசாகிப்போகும். 'வண்டி பஞ்சு மாதிரி ஓடுது' என்று சிலர் அதைப் பெருமையாகவே சொல்வார்கள்!

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். முன் மூலையை பலமாக அமுக்கி விட்டால் வண்டி ஒரு தடவை எழுந்து அடங்கிவிட வேண்டும். ஊஞ்சல் ஆடினால் ஸ்ட்ரட் போய்விட்டது. அடங்கிவிட்டாலும் நிம்மதியாகிவிடக் கூடாது, லோடு வண்டியின் கெட்டி ஸ்பிரிங் இந்தச் சோதனையில் ஏமாற்றும். டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் சந்தேகம் உறுதி. ஸ்ட்ரட்டின் உடம்பில் புழுதி எண்ணெயோடு சேர்ந்து களிம்பு போல ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 80,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில், சத்தம் வராவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பால் ஜாயின்ட்டோ ஸ்டெபிலைசர் லிங்க்கோ தேய்ந்தாலும் இதே 'டொக்'தான் வரும் என்பதால், அவற்றை ஆட்டிப் பார்க்காமல் ஸ்ட்ரட்டின் மேல் பழி போடக் கூடாது.

இந்தக் கடற்கரைக்கென்று தனியாக ஒரு எதிரி உண்டு: உப்பு. காற்றிலேயே உப்பு. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரிலும் உப்பு. ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டும், ஸ்பிரிங் உட்காரும் தட்டும் துருவேறி இறுகிப்போகும். முந்தைய நாள் இரவே துரு எடுக்கும் எண்ணெயை அடித்து ஊறவைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். அவசரத்துக்கு கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி போல்ட்டைச் சூடேற்றுவது சில இடங்களில் பழக்கம். பக்கத்திலேயே எண்ணெயும், பல ஸ்ட்ரட்களில் அழுத்தப்பட்ட நைட்ரஜனும் அடைபட்டிருப்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

வேலை சமதளத்தில் நடக்க வேண்டும். பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டுவது உயிரோடு விளையாடுவது. நக்கிள் போல்ட்டுகள் இருக்கும் நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு, பிரேக் ஹோஸைக் கழற்றி ஒதுக்கி, நக்கிள் தொங்கி ஹோஸை இழுக்காமல் கம்பியால் கட்டிவைத்து, பிறகு மேலே இருக்கும் நட்டுகளைத் தளர்த்த வேண்டும்.

ஆனால், நடுவில் இருக்கும் பெரிய நட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது!

அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டோடு பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான். அதை அப்படியே கழற்றினால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். முகத்தில் பட்டால் மருத்துவமனைதான், அதற்கு மேலும் போகலாம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியை எதிரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஸ்பிரிங் தட்டில் லூஸாக ஆடுவதைப் பார்த்த பிறகே நடு நட்டு. கயிற்றைக் கட்டிச் சமாளிக்கும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம். வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று வீடியோ பார்த்துக் கிளம்பும் தம்பிகளும், இந்தக் கட்டத்தை மட்டுமாவது கருவி உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

புது ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுதாக அமுக்கி எடுத்தால் உள்ளே சிக்கிய காற்று போய்விடும். மேலே இருக்கும் ரப்பர் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசு உறை ஆகியவற்றையும் கூடவே மாற்றிவிடுவதுதான் லாபம். பழைய மவுண்ட்டை மாட்டிவிட்டு ஒரு மாதத்தில் அதே சத்தத்தோடு திரும்பி வந்தால் கூலி இரண்டு தடவை. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் அப்படித்தான். இடது கால் புதுசு, வலது கால் பழசு என்றால் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பாகம் எங்கே வாங்குவது? சென்னையில் புது உதிரிபாகத்துக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. கதவும் கண்ணாடியும் புதுப்பேட்டையில் வாங்கலாம், தப்பில்லை. ஸ்ட்ரட் மட்டும் வேண்டாம். கழுவி, கறுப்புப் பெயின்ட் அடித்து நிற்கும் ஸ்ட்ரட்டின் உள்ளே வால்வு எப்படி இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதைத் தாண்டினால் ஆண்டுதோறும். 2016, 2017-ல் வாங்கிய வண்டிகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. எஃப்.சி.க்கு முந்தைய வாரம் அவசர அவசரமாகப் பட்டறை தேடினால் கையில் கிடைக்கும் பாகத்தைத்தான் மாட்டுவார்கள். லோடு குறைவாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டியே ஒதுக்கினால், பெரும்பாலும் ஒரு நாள் ஓட்டத்தோடு நஷ்டம் முடிந்துவிடும். துரு பிடித்த போல்ட் உடைந்தால் மட்டும் திங்கள்கிழமையும் போகும்.

வேலை முடிந்து வண்டியை இறக்கியதும் நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குத்தான் போக வேண்டும். பெயின்ட் குறியை எவ்வளவு சரியாகப் பொருத்தினாலும் சக்கரத்தின் கோணம் கொஞ்சமாவது மாறியிருக்கும். அப்படியே ஓட்டினால் புது டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மழித்துவிடும். இரண்டு மூன்று நாள் லோடோடு ஓட்டிய பிறகு, நக்கிள் போல்ட்டையும் வீல் நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்துத் தரச் சொல்லி, மெக்கானிக்கிடம் அன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள்.