கணினியும் ஏழாம் கட்டளையும்

நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்றபோது அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. அதிலிருந்த மென்பொருள்களுள் பெரும்பாலானவை விலை கொடுத்து வாங்கப்படாதவை என்பது நமக்குத் தெரியவரச் சில மாதங்கள் சென்றன. கணினியை விற்றவரே அவற்றையும் ஏற்றித் தந்திருந்தார். இது முறையோ என வினவினோம். "சாமி, இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்று நகைத்தார். நாமும் வாளாவிருந்துவிட்டோம். அடுத்த ஞாயிறு மறைக்கல்வியில் ஏழாம் கட்டளையை விளக்கும் முறை நமக்கு வந்தது. களவுப் படியின் துணையால் அச்சிட்ட பாடத்தாளைச் சிறுவர் கையில் கொடுத்துவிட்டுக் களவைப் பற்றிப் பேச நமக்கு நாக்கூசியது.

அன்று தொடங்கிய தேடலில் கண்டவற்றைப் பெற்றோருக்குச் சொல்ல விழைகிறோம். இணையத்தில் உலவவும் மடல் எழுதவும் களவு தேவையே இல்லை. 2004-ஆம் ஆண்டு நவம்பரில் முதற் பதிப்பாக வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை எவரும் முறைப்படியே விலையின்றிப் பெறலாம். நார்வே நாட்டு ஓப்பரா உலாவியும், முன்னர் விலையோ விளம்பரமோ கேட்டு வந்தது, 2005 முதல் விலையின்றிக் கிடைக்கிறது.

ஆயினும், விலையில்லாத பொருளுக்கு உழைப்பும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் டேவிட் ஹாரிஸ் என்பார், தாம் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் கணினிப் பின்னலில் அஞ்சல் வசதி இல்லாத குறையைக் கண்டு, 'பெகாசஸ் மெயில்' என்னும் மென்பொருளைத் தாமே இயற்றினார். 1990-இல் அதை உலகிற்கு விலையின்றி வழங்கினார். அவருடைய வருவாய், அதற்கென அவர் எழுதிய கையேட்டை விலைக்கு விற்றதனால் வந்ததே. கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே நற்செய்தி அறிவித்த புனித பவுலடியார் நம் நினைவுக்கு வருகிறார். கையேடு வாங்குவோர் குறைந்தனர். 2007 ஜனவரியில் பணியை நிறுத்துவதாக ஹாரிஸ் அறிவித்தார். அதன் பின்னரே பயனாளர்கள் விழித்துக்கொண்டு ஆதரவு திரட்ட, பணி தொடர்ந்தது. இத்தனை ஆண்டுகள் பயன்கொண்டவர்கள் அதற்கு முன் எங்கிருந்தார்களோ! பங்குக் கோவிலின் கூரை ஒழுகத் தொடங்கிய பின்னரே உண்டியலை நினைப்பவர்களை நாமும் அறிவோம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988-இல் படைத்த 'யூடோரா' வேறொரு வழியைக் கண்டது. பிற்காலத்தில் அதைப் பணம் கொடுத்தும் பெற முடிந்தது. விளம்பரத்தைப் பார்க்க இசைந்து விலையின்றியும் பெற முடிந்தது. சில வசதிகளைத் துறந்து எளிய வடிவிலும் பெற முடிந்தது. நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லி வழங்கியதால் இதில் குறை காண நமக்கு மனமில்லை. இலவசம் என்று அழைத்து, நிறுவும்போதே நாம் கேளாத துணைப்பட்டைகளையும் விளம்பரங்களையும் உள்ளே நுழைத்துவிடும் மென்பொருள்களையே நாம் வெறுக்கிறோம். பிள்ளைகள் 'சரி' என்னும் பொத்தானை வாசியாமல் அழுத்துவதைப் பெற்றோர் கண்காணிக்க வேண்டும்.

நம் அலுவலகத்தில் இன்று பயன்படுவது 'தண்டர்பேர்ட்'. இதன் முதற் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. குடும்பப் பிணக்குகள், மணமுறிவின் விளிம்பில் நிற்போரின் கண்ணீர், கடன் தொல்லை என எத்தனையோ மறைபொருள்கள் பங்குத்தந்தைக்கு மடலாக வருகின்றன. அவற்றை நம் கணினிக்கே இறக்கி வைத்து, இணையத் தொடர்பு இல்லாத வேளையிலும் வாசிக்க இதில் வழியுண்டு. ஆனால் காவலும் நம் பொறுப்பாகிறது. ஒருமுறை வன்தட்டு பழுதாகி, படியெடுத்து வைக்காத நம் சோம்பலால் ஓராண்டு மடல்கள் அழிந்தன. திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வெளிநாட்டிலிருந்து எழுதியிருந்த இருவருக்கு, அவர்கள் மீண்டும் எழுதும்வரை நம்மால் விடை அனுப்ப இயலவில்லை. அந்தக் குறை மென்பொருளினுடையதன்று.

தண்டர்பேர்டுக்கென ஒதுக்கிய ஆற்றலைக் குறைப்பதாக மொசில்லா அமைப்பு 2012-இல் அறிவித்தது. தன்னார்வலர்கள் அதைக் காத்தனர். இப்போது பயனாளரின் நன்கொடையே அதற்குப் பெருந்துணை. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின் நாமும் ஒரு சிறு தொகை அனுப்பினோம். இதைக் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் பதிவது என்று உபதேசியார் கேட்டார். அது நம் சொந்தப் பணம், பதிய வேண்டாம் என்றோம். விலையில்லாப் பொருளுக்குப் பணம் அனுப்புவானேன் என்று அவர் இன்னும் வியந்துகொண்டிருக்கிறார்.