பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தக் குரூப்?
தேவனூர் நாட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததுமே மலையில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: "அடுத்து எதுல சேக்கறது?" பல வீடுகளில் அதற்குப் பதில் ஒரே பொழுதில் முடிந்துவிடுகிறது. கூடப் படித்த பிள்ளை எதில் சேர்கிறதோ அதில் சேர்ப்பது, இல்லாவிட்டால் பள்ளியில் எதில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ப்பது என்று போய்விடுகிறது. மிளகுக் கொடியை எந்த மரத்தில் ஏற்றிவிடலாம் என்று நாலு நாள் நின்று பார்க்கிற நாம், பிள்ளையின் படிப்புக்கு அந்த நாலு நாளைக் கொடுப்பதில்லை.

பாஸ் ஆவதும் பாடம் தேர்ந்தெடுப்பதும் தனித்தனிக் காரியங்கள். முதலாவதற்கு அரசு வைத்த விதிகள் இருக்கின்றன. இரண்டாவதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பள்ளிக்கூட வாசலை மிதித்தால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்காது.

பத்தாம் வகுப்பில் பாஸ் என்பது

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடங்கள் ஐந்து. ஒவ்வொன்றும் 100, மொத்தம் 500. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுக்க வேண்டும். ஒன்றில் 90 எடுத்து இன்னொன்றில் 34 எடுத்தால் அந்த 34 எடுத்த பாடத்தில் ஃபெயில்தான். மற்றதில் கூடுதலாக எடுத்த மார்க்கை இதில் சேர்க்க மாட்டார்கள்.

அறிவியலில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். ஒரு மாணவி செய்முறையில் முழு 25-ம், எழுத்துத் தேர்வில் 18-ம் எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 43 வருகிறது. ஆனாலும் ஃபெயில், ஏனென்றால் எழுத்தில் 20 வரவில்லை. அதே போலச் செய்முறைத் தேர்வு நாளன்று பள்ளிக்குப் போகாமல் இருந்துவிட்டால், எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. மலையில் காப்பியும் மிளகும் பறிக்கிற வேலை இருக்கும் மாதங்களில்தான் செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் வருகின்றன. அந்த நாட்களில் மட்டுமாவது பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்றும் பத்தாம் வகுப்பிலேயே முடிக்க வேண்டியது. பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரிப்பார்கள். அதில் இருக்கிற பெயர், இனிஷியல், பிறந்த தேதிதான் சான்றிதழில் அச்சாகும். காலேஜ், வேலை, பாஸ்போர்ட் என்று எங்கே போனாலும் அந்தச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளியில் வேறு எழுத்து என்று இருந்தால் பட்டியல் போவதற்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லித் திருத்துங்கள். அச்சான பிறகு திருத்த அலைய வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் அலைவது என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும்.

பிளஸ் டூ பாஸ்

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். மலைப் பிள்ளைக்கு அது ஊரையே விட்டுப் போகிற காரியம். இன்று மேல்நிலைக் கல்வியின் இரண்டு வருடப் படிப்பு மலைக்கே வந்திருக்கிறது. அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிளஸ் டூவில் தமிழ், ஆங்கிலம் இரண்டோடு குரூப் பாடங்கள் நான்கு. ஆக ஆறு பாடம், 600 மார்க். இங்கேயும் ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறை இல்லாத பாடத்துக்கு எழுத்து 90, அகமதிப்பீடு 10. அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 25. வேதியியலில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் முழு 30 வாங்கியவன் எழுத்தில் 14 எடுத்தால், கூட்டினால் 44 வந்தாலும் ஃபெயில்.

அகமதிப்பீட்டு 10 மார்க் வருடம் முழுக்கப் பள்ளிக்கு ஒழுங்காக வந்து, பள்ளித் தேர்வுகளை எழுதி, கொடுத்த வேலையை முடிக்கிற பிள்ளைக்குச் சேர்கிற மார்க். கஷ்டமான பாடத்தில் கரையேற்றிவிடுவது பெரும்பாலும் அதுதான்.

பிளஸ் ஒன் பற்றி ஒரு வார்த்தை. 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டிலிருந்து அது நீக்கப்பட்டது. இப்போது பிளஸ் ஒன் தேர்வைப் பள்ளியே நடத்துகிறது. பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்த வருடத்தை விளையாட்டாகக் கழித்துவிடக் கூடாது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் வருகிறது. பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும் பிளஸ் ஒன் பாடத்தின் மேலேதான் நிற்கின்றன.

எந்தக் குரூப் எங்கே கொண்டுபோகும்

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் பாடங்களைத் தேர்ந்தெடுத்து, கிரெடிட் என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டே போவார்கள். இந்த வருடம் எடுக்காத பாடத்தை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அப்படி இல்லை. பதினைந்து வயதில் ஒரு தடவை குரூப் எடுத்தால் இரண்டு வருடமும் அதுதான். அதனால்தான் இந்த முடிவுக்கு இவ்வளவு கனம். எது வேண்டும் என்று யோசிக்கும்போது பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளை என்னவாக ஆசைப்படுகிறது, அந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம், அந்தப் பாடம் உள்ள குரூப் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்ற வரிசையில் கேளுங்கள்.

கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப் அகலமான வழி. பொறியியலுக்கும் போகலாம், மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங், பார்மசிக்கும் போகலாம். ஆனால் பாடச் சுமை அதிகம்.

கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எடுத்தால் பொறியியல், கணினிப் படிப்புகள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். அதில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியல் இல்லாததால் இந்தக் குரூப்பிலிருந்து மருத்துவப் பக்கம் நேரடியாகத் திரும்ப முடியாது.

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் மருத்துவம், நர்சிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நீட் எழுத வேண்டும். நம் மாவட்டத் தலைநகர் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடு மாடு வளர்த்த கை உள்ள பிள்ளைகளுக்கு அது எட்டாத படிப்பு இல்லை. கணக்கு இல்லாததால் இந்தக் குரூப்பில் பொறியியல் வழி அடைபடும்.

வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் உள்ள குரூப் பி.காம்., வங்கி, ஆடிட்டர் படிப்பு என்று போகும். வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல் போன்றவை உள்ள கலைக் குரூப்பிலிருந்து பட்டப்படிப்பு, சட்டம், ஆசிரியர் பயிற்சி, போட்டித் தேர்வு என்று போகலாம். ஐந்து வருடச் சட்டப்படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். "மார்க் கம்மின்னா ஆர்ட்ஸ் குரூப்" என்று சொல்லிச் சொல்லி அதன் மதிப்பைக் குறைத்துவிட்டோம். நிலப் பட்டாவுக்கும் வன உரிமைக்கும் அலைகிற மலைக்கு நம் வீட்டிலிருந்தே ஒரு வக்கீல் வருவது எவ்வளவு பெரிய பலம்!

தொழிற்கல்விக் குரூப்பும் உண்டு. வேளாண் அறிவியல், நர்சிங், அடிப்படை இயந்திரவியல், மின்னியல் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். கையால் செய்து கற்பது அதிகம்.

மலைப் பிள்ளைகள் பலரும் விரும்புகிற வனக்காப்பாளர் வேலைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றையாவது படித்திருக்க வேண்டும். காட்டை உள்ளங்கை போல அறிந்த பிள்ளை, குரூப் மாறிப்போனதால் அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கக் கூடாது.

பக்கத்துப் பள்ளியில் வேண்டிய குரூப் இல்லையென்றால், விடுதியோடு உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் விசாரியுங்கள். இருக்கிற குரூப்பில் சேர்ந்த பிறகு தவறு என்று தெரிந்தால், வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள்ளேயே தலைமையாசிரியரிடம் மாற்றிக் கேளுங்கள். தாமதித்தால் பாடம் ஓடிவிடும்.

ஐடிஐ, பாலிடெக்னிக்

பத்து முடித்தவுடன் ஐடிஐ சேரலாம், மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமோவும் சேரலாம். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேர வழி இருக்கிறது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுக்கு நல்ல வழி இது. மேலே படிக்கிற கதவும் அடைபடுவதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். பிளஸ் டூவோ அதற்கு இணையான டிப்ளமோவோ இல்லாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்குவது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு அரசுப் பணியின் விதி. வரிசை தப்பினால் பட்டம் கையில் இருந்தும் வேலைக்கு உதவாமல் போகும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நம் மலையில் வாழும் மலையாளி சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சேலம் மாவட்டம் என்று இருக்கலாம். நாமக்கல் 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதால் குழம்ப வேண்டாம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை எல்லாம் முடிந்து கைக்கு வர நாளாகும். கலந்தாய்வு நெருங்கிய பிறகு ஓடாமல், பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே வாங்கி வையுங்கள். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரி சான்றிதழ் இவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். நடுவில் ஒரே வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் இந்த உரிமை போய்விடக்கூடும். டிசி வாங்குவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும் என்பதால், படித்த ஒவ்வொரு பள்ளியின் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தவறிப்போனால்

ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் படிப்பு முடிந்துவிடாது. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வருகிறது. அதில் பாஸ் ஆனால் அந்த வருடமே மேலே சேரலாம். ஃபெயில் ஆன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பிளஸ் டூ மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். விண்ணப்பிக்க ஒரு சில நாட்கள்தான் தருவார்கள் என்பதால் ரிசல்ட் அன்றே பள்ளியில் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெயில் ஆன பிள்ளையை அந்த வாரமே எஸ்டேட் வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். துணைத்தேர்வு முடிகிற வரை வீட்டில் வைத்துப் படிக்க விடுங்கள்.

சரியான குரூப் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2024-ல், நம் மலைக்குக் கிழக்கே தெரிகிற பச்சமலையைச் சேர்ந்த மாணவி ஒருவர், பழங்குடியினர் நலப் பள்ளியில் படித்து, பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வை எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பிடித்தார். நம் பிள்ளைகள் படிப்பது போன்ற பள்ளிதான் அதுவும். அவரால் அந்தத் தேர்வை எழுத முடிந்ததற்கு முதல் காரணம், அதற்கு வேண்டிய பாடங்கள் அவர் குரூப்பில் இருந்தன என்பது.

தேவனூர் நாட்டில் இப்போது ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு பேப்பரை எடுங்கள். பிள்ளையின் ஆசையை மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே வேண்டிய பாடங்கள், அதற்கும் கீழே அந்தப் பாடங்கள் உள்ள பள்ளி. தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, நாளைக்கு வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று அந்தப் பேப்பரில் காலி இடம் எதுவும் இருக்கக் கூடாது.