வியாழனின் நிலாக்களும் நுங்கம்பாக்கத்துக் கடிகாரமும்

மொட்டை மாடியில் ஒரு 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி இருந்தால் போதும். 40, 50 மடங்கு பெருக்கத்தில் வியாழன் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு மாதிரி தெரியும். அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நாலு புள்ளிகள். அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ. மூணுதான் தெரியுதுன்னா தொலைநோக்கியைக் குறை சொல்ல வேண்டாம். நாலாவது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும், இல்லாவிட்டால் அதன் நிழலுக்குள் இருக்கும். நல்ல பைனாகுலரைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பிடித்தாலும் ஒன்றிரண்டைப் பார்த்துவிடலாம். வெறும் கண்ணுக்கே தெரியுமளவு ஒளி அவற்றுக்கு உண்டு, வியாழனின் கூச்சம்தான் மறைத்துவிடுகிறது.

கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று பாதுவாவில் பார்த்தது மூன்று புள்ளிகளை: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே. ஒரு வாரத்துக்குள் நாலாவதும் அகப்பட்டது. பூமியைச் சுற்றாத பொருட்களும் வானத்தில் உண்டு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது, அந்தப் புள்ளிகள் பிறகு என்ன வேலைக்குப் பயன்பட்டன என்பது.

அயோ வியாழனை ஒருமுறை சுற்ற 42.5 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் போய் அணைந்து, பிறகு வெளியே வந்து மறுபடி எரியும். இந்தக் கிரகணம் பாரிஸிலிருந்து பார்த்தாலும் சென்னையிலிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில்தான் நடக்கும். ஆனால் அந்தக் கணத்தில் இரண்டு ஊர்களின் சூரியக் கடிகாரமும் வேறு வேறு மணி காட்டும். வித்தியாசம் ஒரு மணி நேரமென்றால் இரண்டு ஊருக்கும் இடையே தீர்க்கரேகையில் 15 பாகை. அவ்ளோதான் கணக்கு. உலகம் முழுக்கத் தெரியும் ஒரு கடிகாரத்தை வானத்தில் மாட்டிவைத்த மாதிரி!

கப்பல்களில் இதைப் பயன்படுத்தலாம் என்று கலிலியோவே ஸ்பெயின் அரசுக்கு எழுதிப் பார்த்தார். ஆடுகிற தளத்தில் நின்று புள்ளியைப் பிடிக்க முடியுமா? அது நடக்கவில்லை. தரையில் நடந்தது. காசினி 1668-ல் நிலாக்களின் அட்டவணையை வெளியிட்டார். அதைக்கொண்டு அளந்தபோது பிரான்சின் மேற்குக் கரை, பழைய வரைபடங்கள் காட்டியதைவிடக் கிழக்கே தள்ளி இருந்தது. அதே கிரகணங்கள் சில மாதங்களில் சீக்கிரமும் சில மாதங்களில் தாமதமாகவும் வருவதைப் பார்த்து, 1676-ல் ரோமர் ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று சொன்னது தனிக் கதை. (இரண்டு ஊரிலும் அந்தத் தாமதம் ஒன்றுதான், அதனால் தீர்க்கரேகைக் கணக்கில் அது அடிபட்டுப் போகும்.)

இந்தக் கடிகாரம் நம்ம ஊருக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. அங்கே ஜான் கோல்டிங்ஹாம் பல ஆண்டுகள் வியாழ நிலாக்களின் கிரகணங்களைக் குறித்துவைத்து, சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 18 நிமிடம் 30 விநாடி கிழக்கு என்று கணித்தார். 15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. கிரீன்விச்சுக்கும் "மெட்ராஸ் டைம்" என்பதற்கும் இருந்த வித்தியாசம் இதேதான். 1906-ல் இந்தியச் சீர்நேரம் வரும்வரை ரயில்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஓடின. தீபகற்பத்தை அளக்கக் கிளம்பிய லாம்டனின் சர்வேயும் இந்த ஊரின் தீர்க்கரேகையிலிருந்துதான் தன் வரைபடத்தைத் தொடங்கியது.

இப்போது அந்த எண்ணை ஃபோன் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். மெரினாவைத் தாண்டிக் கடலுக்குள் விழும்! வானாய்வகம் நின்ற இடம் சுமார் 80 பாகை 15 நிமிடம். ஆறேழு கிலோமீட்டர் பிசகு. பெரிதாகத் தோன்றும், ஆனால் நேரத்தில் பார்த்தால் 15 விநாடிதான்.

15 விநாடிகூட ஏன் பிசகும் என்பதை மாடியிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அயோ சுவிட்ச் போட்ட மாதிரி அணையாது. அதன் விட்டம் சுமார் 3,640 கிலோமீட்டர், வேகம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் சொச்சம். முழுசாக நிழலுக்குள் போக மூன்றரை நிமிஷம் ஆகும். மங்கி மங்கி, "இருக்கா, இல்லையா" என்ற நிலைக்கு வரும். கடைசியாகத் தெரிந்த கணம் எது? சின்னத் தொலைநோக்கியில் அது முன்னாடியே வந்துவிடும், பெரியதில் பின்னாடி. காற்றின் ஈரம், பார்ப்பவர் கண் எல்லாமே கூடக் குறையச் செய்யும். மறைவதையும் வெளிவருவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை ஓரளவு கழியும். அயோவில் ஒரே கிரகணத்தின் இரண்டு முனையும் நமக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம். வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருவதற்கு முந்தைய மாதங்களில் மறைவது மட்டும் தெரியும், அதுவும் மேற்குப் பக்கம். பிந்தைய மாதங்களில் வெளிவருவது மட்டும், கிழக்கே.

பார்ப்பதாக இருந்தால் வெளிவருவதைப் பாருங்கள். ஸ்டெல்லேரியம் மாதிரி ஒரு மென்பொருளில் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஐந்து நிமிஷம் முன்னாடியே கண்ணை வைத்துவிடுங்கள். வியாழனின் விளிம்பை ஒட்டி இல்லாமல், கொஞ்சம் தள்ளி, ஒன்றுமே இல்லாத இருட்டில் ஒரு புள்ளி முளைக்கும். முதலில் தெரிந்த கணத்தை ஃபோனில் குறித்துவையுங்கள். பக்கத்தில் இன்னொருத்தர் வேறொரு தொலைநோக்கியோடு இருந்தால் அவரும் தனியாகக் குறிக்கட்டும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல்.